கிழக்குச் சரிவின் நானூற்றுப் பதினேழு

எதையாவது ஒரு தடவை பார்த்துவிட்டால் அவருடைய இடது கால் அதை ஓரமாகத் தள்ளிவிடும். நடைபாதையில் கிடக்கும் காகிதக் கப், படிக்கட்டில் யாரோ தவறவிட்ட கையுறை, கதவிடுக்கு வழியாக உள்ளே விழுந்த விளம்பரத் தாள் என்று எதுவும் தப்பாது. குனிய மாட்டார், நிற்க மாட்டார், பேச்சை நிறுத்தவும் மாட்டார். கால் மட்டும் போகிற போக்கில் தன் வேலையைப் பார்க்கும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தரை முழுக்கப் பரப்பி வைத்த மரக்கட்டைகள், அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். அவள் வீடே அதிர அழுவாள்.

"அழாதடி. உங்கப்பா எண்ணிட்டாரு. இனிமே அது அவரு கண்ணுக்குத் தெரியாது" என்பாள் அம்மா, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

இடது பூட்ஸின் முனை மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை பிய்ந்துபோகும். கடைத்தெருவில் பூட்ஸ் தைப்பவர் அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏண்ணே, வலது காலுக்கு மட்டும் லீவு குடுத்து வெச்சிருக்கீங்களா?"

"அது ஆபீசர் கால். இதுதான்யா வேலைக்காரக் கால்."

தெருவில் அவருக்குத் தள்ளுகால் என்று பெயர். அவர் அதற்குக் கோபப்பட்டதே இல்லை.

வனவிலங்குத் துறையில் முப்பத்தொரு வருஷம் அவர் செய்த வேலை சாணம் எண்ணுவது. இருபத்தொன்பது வயதில் தினக்கூலியாகச் சேர்ந்து, தலைமுடி நரைக்கிற காலத்தில்தான் நிரந்தரம் ஆனார். மலையில் இருக்கிற கடமானையும் காட்டுமாட்டையும் நேரில் பார்த்து எண்ண முடியாது. ஆள் வாசம் பட்டாலே மறைந்துவிடும். அவை போட்டுவிட்டுப் போவதைத்தான் எண்ண வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகப் புதரை வெட்டி, ஐம்பது எட்டுக்கு ஒரு முளை அடிப்பார்கள். அதற்கு லைன் என்று பெயர். லைனுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு எட்டுக்குள் கிடக்கும் சாணக் குவியல்களை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். எண்ணியதை அங்கேயே விட்டால் அடுத்த நடையில் பழையதும் புதியதும் கலந்துவிடும். அதனால் முதல் நடையில் எண்ணித் தள்ளிவிடுவார்கள். அறுபது நாள் கழித்துத் திரும்பப் போய்ப் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ணுவார்கள். அதை வைத்து, இந்தச் சரிவில் இத்தனை மான், இத்தனை மாடு என்று மேலே இருக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள்.

"தள்ளாம வந்தா என்ன ஆகும் தெரியுமா? ஒரு மானு ரெண்டு மானா ஆயிடும். அப்புறம் அந்த ரெண்டாவது மானை நானா போய்ப் புடிச்சுட்டு வர்றது?" என்பார் அவர்.

எண்ணுவதற்கு அவர் பேனாவை நம்பியதில்லை. மழையில் மை கரையும், குளிரில் உறையும். சட்டைப் பொத்தான்கள் நூறு வைத்திருந்தார். ஒரு குவியலுக்கு ஒரு பொத்தான் வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். லைன் முடிந்ததும் இடது பையைக் கொட்டி எண்ணுவார். வீட்டில் யாருடைய சட்டையிலாவது பொத்தான் தெறித்துவிட்டால் அம்மா அந்தப் பையில்தான் கைவிடுவாள். "ஐயோ, ஒரு மானைத் தைச்சுப் போட்டுட்டியே" என்று அவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

மகள்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வனவிலங்குத் துறை' என்று எழுதினாள். அது பொய்யில்லை. ஆனாலும் எழுதி முடித்ததும் தாளை மடித்து அவர் கண்ணில் படாமல் வைத்தாள்.

பட்டம் வாங்கிய மறுவருஷம் அவளுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வடக்கே இருந்த மலையில் தாதுச் சுரங்கம் வரப்போவதாகப் பேச்சு. அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் கடைத்தெருவில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அலுவலகம் போட்டிருந்தது. அவளுக்கு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. வெளியே போய் வருகிறவர்கள் கொண்டுவரும் தாள்களில் இருக்கும் எண்களைக் கணினியில் ஏற்றி அட்டவணை ஆக்குவது அவள் பொறுப்பு. கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. முதல் நாள் அம்மா அந்த அட்டையைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டாள்.

அறிக்கையின் முக்கியமான கேள்வி ஒன்றுதான். தோண்டியெடுக்கும் கழிவுக்கல்லைக் கொட்டவும் லாரிகள் போகவும் இடம் வேண்டும். கிழக்குச் சரிவா, மேற்குச் சரிவா? கிழக்குச் சரிவு கிட்டத்தில் இருந்தது, செலவு குறைவு. ஆனால் கிழக்கில் உப்புமண் பள்ளம் ஒன்று இருந்தது. வறண்ட மாதங்களில் மேலேயிருந்து மிருகங்கள் இறங்கி அந்த மண்ணை நக்க வரும். எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஆறு லைன் வெட்ட ஆள் தேடினார்கள்.

"எங்கப்பா இருக்காரு சார்" என்று சொன்னவள் அவள்தான்.

ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்த மனுஷனுக்குப் புது உயிர் வந்த மாதிரி ஆனது. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு பதினொரு நாள் மலையில் இருந்தார். புதர் வெட்டி, முளை அடித்து, ஆறு லைனையும் முடித்துவிட்டு வந்தார். கன்னம் வெயிலில் கன்றியிருந்தது, முகத்தில் சிரிப்பு கொள்ளவில்லை.

"அத்தான் புதர் மட்டுமா வெட்டினாரு? ஒவ்வொரு லைனையும் அந்தக் காலால துடைச்சு வெச்சிருக்காரு. நீங்க போய்ப் பாருங்க, உங்க வீட்டுக் கூடம் தோத்துடும்" என்றார் மாமா.

"பின்னே? எண்ண வர்றவங்க சின்னப் பசங்க. நம்ம வேலை சுத்தமா இருக்கணும்ல" என்றார் அவர்.

மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது நாள் கழித்து நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் போய் எண்ணினார்கள். தாள்கள் அவள் மேஜைக்கு வந்தன. ஆறு லைனுக்கும் சேர்த்து முப்பத்தெட்டு. அவள் ஏற்றினாள். மேற்குச் சரிவின் எண் இதைப் போல நாலு மடங்கு இருந்தது. ஒரு கணம் விரல் நின்றது. எண் என்றால் எண்தானே என்று அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

"உங்க லைன் ரிசல்ட் வந்துடுச்சுப்பா. கிழக்கால முப்பத்தெட்டு."

"ஒரு லைனுக்கா? பரவாயில்லையே, ஒம்போது நாள்ல."

"இல்லப்பா. ஆறுக்கும் சேர்த்து."

"ஓ, ஆறுக்குமா? ஒம்போது நாளைக்கு அதுவும் சரிதான். ரெண்டாவது நடை எப்போ?"

"ரெண்டாவது நடையெல்லாம் இல்லப்பா. ஒரே நடைதான். தரையில கிடக்குற எல்லாத்தையும் ஒரே தடவையில எண்ணிடுவாங்க. மக்கிப்போக நூறு நாள் ஆகும்னு வெச்சுக்கிட்டு, நூறு நாள்ல இவ்வளவுன்னு கணக்குப் போடுவாங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"மேற்குப் பக்கம் யாரு லைன் வெட்டினது?"

"வேற காண்ட்ராக்ட் ஆளுங்க."

"அவங்க தள்ளியிருக்க மாட்டாங்க" என்றார் அவர். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு இப்போ? சாப்பாட்டுல உப்பு இல்லையா?"

அவர் எழுந்து கைகழுவிவிட்டுப் போய், கட்டிலுக்கடியிலிருந்து புது பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து வந்தார். அதன் உள்பக்கம் பென்சிலால் ஆறு எண்கள். எழுபத்தொன்று, அறுபத்து நாலு, எண்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, தொண்ணூற்று மூன்று, நாற்பத்திரண்டு. எண்ணாமல் தள்ள அந்தக் காலுக்குத் தெரியாது. பதினொரு நாளும் பொத்தான்கள் பையிலிருந்து பைக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கூட்டினால் நானூற்றுப் பதினேழு.

மகள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஒன்பது நாளில் முப்பத்தெட்டு என்றால் நூறு நாளில் நானூற்றுச் சொச்சம். மூடியில் இருந்த எண் அச்சாகப் பொருந்தியது. யாரும் பொய் சொல்லவில்லை. துறையின் வழக்கப்படி அவர் தள்ளினார். இரண்டு எட்டுக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்ததை எண்ணக் கூடாது என்ற விதிப்படி அந்த இரண்டு பேரும் எண்ணாமல் வந்தார்கள். வெறும் புதர் வெட்டத்தானே கூப்பிடுகிறோம் என்று எண்ணும் முறையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் யார் என்று யோசித்தபோது, அவளைத் தவிர வேறு முகம் எதுவும் அவளுக்கு நினைவு வரவில்லை.

"நாளைக்கு நானே வந்து உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார் அவர்.

"நீங்க வேண்டாம்ப்பா. கொஞ்சம் பொறுங்க. நானே சொல்றேன்."

மறுநாள் மேலாளரின் கதவருகே போனாள். அவர் போனில் இருந்தார். அதற்கடுத்த நாளும் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் கையை ஆட்டி உள்ளே அழைத்தார்.

"வாம்மா. இவ்வளவு பேரு வேலை பாக்குற ஆபீஸ்ல நீ போடுற அட்டவணை ஒண்ணுதான் தப்பில்லாம இருக்கு. அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். பிரிண்ட் எடுக்கலாமான்னு கேக்க வந்தேன்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஜெராக்ஸ் மெஷினின் சூடு முழங்காலில் பட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்படி எட்டு நாள் போனது. வீட்டில் அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளை ஒரு பார்வை பார்ப்பார். அவள் தட்டைப் பார்ப்பாள்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. மேடையில் துறை அதிகாரி, நிறுவனத்தின் மேலாளர், குறிப்பெடுக்க ஒரு பெண். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருநூறு பேர். பேச விரும்புகிறவர்கள் கையைத் தூக்க வேண்டும், மைக் அவர்களிடம் வரும். மைக்கைக் கொண்டுபோகும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

வேலை கேட்டு நாலு பேர் பேசினார்கள். தூசி வரும் என்று ஒருவர் பேசினார். ஐந்தாவது வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கை மேலே போனது. சலவை செய்த சட்டை போட்டிருந்தார். மடியில் அந்த அட்டை மூடி, செய்தித்தாளில் சுற்றி இருந்தது.

அவள் ஐந்து வரிசையைக் கடந்து போனாள். அவரிடம் மைக்கை நீட்டினாள். இரண்டு பேருடைய கையும் ஒரு நொடி அதன் மேல் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவள் தலையை அசைத்தாளா? அசைக்கவில்லை என்று அவளால் இன்றுவரை சத்தியம் செய்ய முடியாது.

அவர் எழுந்து நின்றார். "நான் முப்பத்தொரு வருஷம் துறையில மிருகம் எண்ணினவன்" என்றார். மண்டபம் கொஞ்சம் அடங்கியது. மூடியைச் சுற்றியிருந்த செய்தித்தாள் அவர் விரலில் நொறுங்கும் சத்தம் மைக்கில் கேட்டது.

"கிழக்குச் சரிவுல லாரி ரோடு போடும்போது ரெண்டு பக்கமும் வேலி போடுவீங்களா?"

மேலாளர் சிரித்தார். "ஐயா, பெரியவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா? அங்கதான் மிருகமே இல்லையே. யாருக்கு வேலி?"

முன்வரிசையில் யாரோ, "தள்ளுகாலு உள்ள வராம இருக்க" என்றான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு ஓயும்வரை அவர் நின்றார்.

"ஆமாங்க. இல்லைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குறிப்பெடுத்த பெண் எழுதிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பு அவள் மேஜைக்கு வந்தது. பதினான்காம் பக்கத்தில் இருந்தது: 'கிழக்குச் சரிவில் பெரிய விலங்குகள் இல்லை என்பதைத் துறையின் முன்னாள் கணக்கெடுப்பாளரும் உறுதிசெய்தார்.' அதற்கு அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது.

வறண்ட மாதம் தொடங்குவதற்குள் கிழக்குச் சரிவில் கல் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உப்புமண் பள்ளம் நாலு நாளில் மூடிப்போனது. மிருகங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவை வழக்கம்போல இறங்கின. பள்ளத்தைத் தேடிக் கல்குவியலைச் சுற்றின. பிறகு, ரோட்டில் தூசி அடங்க லாரிக்காரர்கள் தெளித்த உப்புநீர் காய்ந்த இடத்தை நக்க நின்றன. முதல் மாதம் லாரியில் அடிபட்டுச் செத்தவை ஏழு கடமான், இரண்டு காட்டுமாடு. லாரிகளின் முன்பக்கத்தில் இரும்புக் கம்பி கட்டினார்கள்.

அவர் வாரம் ஒரு தடவை மாமாவோடு அங்கே போய் வந்தார். எதற்குப் போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் மாமா மட்டும் அவளிடம் சொன்னார்: "ரோட்டோரமா ஒரு பெண்மான் கிடந்துச்சு. வயித்துல குட்டி. அத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரு. கால் அப்படியே எழும்புச்சும்மா, அந்த இடது கால். அப்புறம் கீழ வெச்சுட்டாரு."

அதற்குப் பிறகு அந்தக் கால் எதையும் தள்ளவில்லை. வாசலில் விளம்பரத் தாள் கிடந்தால் நின்று பார்ப்பார், சுற்றிக்கொண்டு போவார். பூட்ஸ் தைப்பவர், "என்னண்ணே, ஒரு வருஷமா இந்தப் பக்கமே காணோம்? வேலைக்காரனும் ரிட்டயர் ஆயிட்டானா?" என்று கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் தரை முழுக்க ஏதேதோ கிடந்தது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே குனிந்து பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வேற வேலைக்கு எழுதிப் போட்டியாம்மா?"

"போட்டிருக்கேன்ப்பா."

"கிடைச்சதும் சொல்லு. அன்னைக்கே போய் நான் சொன்னதை மாத்தி எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன். உன்னை அந்த ஆபீஸ்ல வெச்சுக்கிட்டு என்னால முடியாது."

"சரிப்பா."

அவள் மூன்று இடத்துக்குத்தான் எழுதினாள். ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஊர் தூரம், சம்பளம் குறைவு என்று போகவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. கிடைச்சதும் சொல்லு என்று அவர் சொன்னதை அவள் ஒரு பாரமாகத்தான் உணர்ந்தாள். அவர் பாக்கியை அடைக்க விடாமல் கதவை மூடி வைத்திருப்பது தன் கைதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியதோ?

இரண்டாவது வருஷம் வறண்ட மாதத்தில், காலையில் டீ குடித்துவிட்டு பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். இடது பூட்ஸ் கையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா, "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று அவர் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பெட்டி மூடி கட்டிலுக்கடியில் இருந்தது. கூடவே மடித்த ஒரு தாள். 'ஐயா, கூட்டத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை தவறு. கிழக்குச் சரிவில் நான் தள்ளியவை கீழே எழுதியிருக்கிறேன்.' அதன்கீழ் அதே ஆறு எண்கள். தேதிக்கு இடம் விட்டிருந்தார். கையெழுத்து இல்லை. அந்த வெற்றிடத்தில் வரவேண்டியது அவள் வேறு வேலைக்குப் போகும் நாளின் தேதி.

ஏழு மாதம் கழித்து, கழிவுக்கல் கொட்டும் இடத்தை இன்னும் மேலே விரிவாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. பழைய அறிக்கையின் அட்டவணையும் பதினான்காம் பக்கத்தின் அந்த வரியும் அதில் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தன. அவள் அரை நாள் விடுப்பு எடுத்து, மூடியையும் தாளையும் பையில் வைத்துக்கொண்டு துறை அலுவலகத்தின் பதிவு அறைக்குப் போனாள். கண்ணாடி போட்ட எழுத்தர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"பேசினவரு வரலையா?"

"இறந்துட்டாரு."

"அடடா." அவர் உண்மையாகவே வருந்தின மாதிரி இருந்தது. "கூட்டத்துல சொன்னதைத் திருத்தணும்னா சொன்னவருதாம்மா கையெழுத்துப் போடணும். இதுல கையெழுத்தே இல்லையே. நீங்க யாரு?"

"அவரு மக." பையிலிருந்து மூடியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அறிக்கையில அந்த அட்டவணையைப் போட்டதும் நான்தான். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்தது நான்தான்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். கழுத்தில் இருந்த நீல நாடாவையும் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இது உங்க பேர்ல குடுக்கற மனு. நிரப்பிக் குடுங்க, மேல அனுப்புறேன். ஆனா அது உங்க கணக்கு. அவரு சொன்னது அவரு சொன்னதாத்தான் இருக்கும். அதை நான் எப்படிம்மா எடுக்க முடியும்?"

அவள் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். தந்தையின் தொழில் என்ற இடம் வந்தது. 'சாணம் எண்ணுபவர்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, முத்திரை வாங்கினாள்.

மூடியை எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினான்காம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது. நானூற்றுப் பதினேழும் இன்னும் அவர் பெயரிலேயே பாக்கி நிற்கிறது.